சாக்பீஸ் பிடித்த வீராங்கனை

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், 2009-ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, விழாவில் நீ இருபது நிமிஷம் பேசணும். ஆனா காங்கிரீட், கம்பின்னு ஆரம்பிச்சிடாதே. சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் தூங்கிடுவாங்க" என்றார். "அப்படின்னா ஒரு ஆசிரியரைப் பற்றிப் பேசட்டுமா அண்ணே?" என்றேன். "நம்ம காலேஜ் வாத்தியாரா?" என்று கேட்டார். "இல்லைண்ணே, மலேசியாவில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். பட்டாளத்தில் இருந்தவங்க" என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசு. ஏதோ காரணமாத்தான் கேட்கிறே" என்றார். காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிப்பை முடித்து இரண்டு ஆண்டு கழித்து எனக்கு மலேசியாவில் வேலை கிடைத்தது. ஈப்போ நகரத்திலிருந்து வடக்கே தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை 329 கிலோ மீட்டர். பழைய ஒற்றை ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கி மின்மயமாக்கும் பெரிய திட்டம். அதில் ஒரு சிறிய துணை ஒப்பந்த நிறுவனத்தில் நான் இளநிலைப் பொறியாளன். 2014-ல் அந்தப் பாதை முடிந்தது. அதுவரை ஈப்போதான் எனக்கு ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், ஒரு காலத்தில் ஈயம் எடுத்த பள்ளங்கள், அதைத் தாண்டினால் தோட்டங்கள். தெருவில் இறங்கினால் நம் தமிழ்.

சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் டீக்கடை வைத்திருந்தார். ஒருநாள் அவர் தண்டவாளத்தைக் காட்டி, "தம்பி, எங்க தாத்தாவை இந்த வழியாத்தான் ரயில்ல ஏத்திக்கிட்டுப் போனானுங்க. சயாமுக்கு. திரும்பி வரலை" என்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது சயாம் மரண ரயில். ரயில் வேலை பார்க்கிற நான் அதைப் பற்றிப் படிக்காமல் இருக்க முடியுமா? சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் பாதை. 1942-ல் ஜப்பான் ராணுவம் வேலையைத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்துவிட்டது. காடு, மலை, ஆறு எல்லாம் குறுக்கே இருக்கிற நாட்டில், பெரும்பாலும் மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு! இன்றைய இயந்திரங்களோடு வேலை பார்க்கும் எனக்கே அந்த வேகம் திகைப்பாக இருக்கிறது. அந்த வேகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் செத்தார்கள். அவர்களுக்கு இன்று வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள் ஏராளம். அவர்கள் பெயரைச் சரியாக எழுதி வைத்தவர்கூட இல்லை.

இந்த வரலாற்றைத் தேடிப் போனபோதுதான் அந்த டீச்சர் கிடைத்தார். பெயர் ராசம்மா பூபாலன். மலேசிய வரலாற்றாசிரியர் அருணா கோபிநாத் 2007-ல் அவருடைய வாழ்க்கையை நூலாகவே எழுதியிருக்கிறார்.

ராசம்மா பிறந்தது 1927-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, அதே ஈப்போவில். இலங்கைத் தமிழ் வழிவந்த கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்ணின் வாழ்க்கையில் 1941 டிசம்பரில் போர் வந்து புகுந்தது. அந்த மாதக் கடைசியில் ஜப்பானியர் ஈப்போவுக்குள் வந்துவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அசைக்க முடியாது என்று எல்லோரும் நம்பிய வெள்ளைக்கார ஆட்சி இரண்டே மாதத்தில் கையைத் தூக்கிவிட்டது. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லை.

அந்த நேரத்தில், 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 9-ஆம் தேதி பெரிய மைதானக் கூட்டத்தில், பெண்களுக்கென்று தனியாக ஒரு படைப் பிரிவு வேண்டும் என்று அறிவித்தார். ஜான்சி ராணிப் படை என்று பெயர் வைத்தார். அதற்குத் தலைவியாக வந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். நாம் கேப்டன் லட்சுமி என்று அறிந்தவர். 1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தார்கள்.

பதினாறு வயது ராசம்மாவும் அக்கா பொன்னம்மாவும் சேரவேண்டும் என்று நின்றார்கள். அம்மாவின் சம்மதம் எளிதில் கிடைக்கவில்லை. இங்கே இருக்கிற அம்மாக்களுக்கு அது புரியும். பெண்ணை விடுதியில் சேர்க்கவே மூன்று முறை வந்து விடுதியைச் சுற்றிப் பார்க்கிறோம். பட்டாளத்துக்கு அனுப்பு என்றால்? ஆனால் கடைசியில் அந்தத் தாய் சரி என்றார். இரண்டு பெண்களும் போனார்கள்.

அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் இந்தியாவைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், பலர் ரப்பர் தோட்டத்துப் பால்மரம் வெட்டுகிற குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டு வாசல் தாண்டாத வசதியான வீட்டுப் பெண்ணும், விடியற்காலையில் பால்வாளி தூக்கின பெண்ணும் ஒரே வரிசையில் நின்று காக்கி உடுத்தி, ஒரே ரைபிளைத் தூக்கிப் பழகினார்கள். அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், இரவு நேர நடைப் பயணம், காயம்பட்டவருக்கு முதலுதவி. ஆண்களுக்குக் கொடுத்த ராணுவப் பயிற்சிதான், பெண்பிள்ளைகள் என்று குறைத்துக் கொடுக்கவில்லை. இந்தச் செய்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலாயாவிலிருந்து பர்மாவுக்குத் தரை வழியாகப் போக அப்போது பயன்பட்டது அந்தச் சயாம் ரயில் பாதை. அதாவது, தோட்டத்துத் தமிழர்கள் செத்து விழுந்து போட்ட அதே பாதையில், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் இந்திய விடுதலைக்காகப் போனார்கள். வெள்ளையனை எதிர்க்க யாரோடு கைகோத்தார்களோ, அந்த ஜப்பானியர்தான் அவர்களுடைய சொந்த ஜனங்களைக் கொன்றுகொண்டிருந்தார்கள். மேடைக்கு அழகாக இருக்காது என்று இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பாலத்தைப் பற்றி அறிக்கை எழுதும்போது விரிசல் இருக்கிற இடத்தையும் எழுதத்தானே நமக்கு இந்தக் கல்லூரி கற்றுக் கொடுத்தது? வரலாற்றுக்கும் அப்படித்தான். அந்தப் பெண்களின் துணிச்சலும் உண்மை, அந்தக் கூட்டணியின் கறையும் உண்மை.

பர்மாவில் ரங்கூன், பிறகு மலைமேல் உள்ள மேமியோ. 1944 மார்ச்சில் இம்பால் நோக்கிப் படையெடுப்பு தொடங்கியது. இம்பால் விழுந்ததும் முன்னே போகலாம் என்று பெண்கள் காத்திருந்தார்கள். இம்பால் விழவில்லை. ஜூலையில் படைகள் பின்வாங்கின. மழை, மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி. குண்டடி பட்டவர்களும் காய்ச்சலில் துவண்டவர்களும் மருத்துவமனைக்கு வந்தார்கள். சுட்டுப் பழகின கைகள் கட்டுப் போட்டன. அணியாகப் போர்முனையில் நின்று போரிடும் வாய்ப்பு ஜான்சி ராணிப் படைக்குக் கடைசி வரை வரவில்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுத் திரும்பினார்கள். பின்வாங்கும் வழியில் ரயிலில் தாக்குதலுக்கு ஆளாகி ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். பாலங்கள் உடைந்து கிடக்க, மேலே விமானங்கள் சுற்ற, இரவு நேரங்களில் நடந்தே பல மைல் தூரம் வந்தவர்கள் உண்டு. பெண்களுக்கு வண்டி கிடைக்காமல் தான் மட்டும் போகமாட்டேன் என்று போஸ் அவர்களோடு நடந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

ஆகஸ்டில் போர் முடிந்தது. படை கலைந்தது. பதினாறு வயதில் போனவர், பதினெட்டு வயதில் தோற்ற படையின் சிப்பாயாகத் திரும்பி வந்தார்.

தம்பி தங்கைகளே, சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போட்டுவிடுவார்கள். எனக்கு இங்கேதான் கதை ஆரம்பம்.

ராசம்மா என்ன செய்தார் தெரியுமா? விட்ட படிப்பைத் தொடர்ந்தார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆசிரியையானார். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 2012-ல் 97 வயதில் மறைந்தார். படையில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் மலேசிய அரசியலில் முக்கியமானவரானார், நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. ராசம்மா போனது வகுப்பறைக்கு. நம் ஊரில் பெண் பிள்ளைக்கு வேலை என்றால், "டீச்சர் வேலைக்குப் போம்மா, சாயங்காலம் வீட்டுக்கு வந்திடலாம்" என்று சொல்வோமே, அந்த வேலைதான்.

ஆனால் அந்த வேலையில் ஒரு கணக்கு உதைத்தது. அன்றைய மலாயாவில் ஓர் ஆசிரியரும் ஆசிரியையும் ஒரே பயிற்சி பெற்று, ஒரே பள்ளியில், ஒரே மணி நேரம் பாடம் நடத்தினாலும், சம்பளம் ஒன்றல்ல. பெண் என்றால் குறைவு. அதைவிடக் கொடுமை இன்னொன்று. அரசுப் பணியில் நிரந்தரமாக இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால், மறுநாளிலிருந்து அவர் தற்காலிக ஊழியர். மாதாமாதம் நீடிக்கிற வேலை. பென்ஷன், பதவி உயர்வு எல்லாம் கேள்விக்குறி. தாலி கட்டின அன்று ஆணுக்கு மாலை விழுந்தது, பெண்ணுக்குச் சீட்டு கிழிந்தது.

பெண் ஆசிரியைகள் என்ன செய்தார்கள்? சிலர் முணுமுணுத்தார்கள். பலர், "உலகம் இப்படித்தான், என்ன செய்றது" என்று கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்கள். 1960-ல் பெண் ஆசிரியைகளுக்கென்றே தனிச் சங்கம் ஒன்று உருவானது. அதை முன்நின்று உருவாக்கித் தலைவியாக நடத்தியவர் ராசம்மா பூபாலன்.

ஒரே மாதிரி ரைபிளைத் தூக்கி, ஒரே தூரம் நடந்து பழகின பெண்ணிடம் போய், "உனக்கு மட்டும் சம்பளம் குறைவு" என்றால் அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? அவர் இப்படிச் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. இது என் எண்ணம்தான். பதினாறு வயதில் சமமாக நடத்தப்பட்ட ஒருவருக்கு, அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு குறைவும் கண்ணை உறுத்தும். பழகாதவர்களுக்கு அது தெரியாது. சமமான மட்டத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தரை சாய்ந்திருப்பது தெரியும்.

அந்தச் சங்க வேலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளி முடிந்து, விடைத்தாள் திருத்தி, வீட்டு வேலை முடித்து, அதற்குப் பிறகுதான் சங்கக் கூட்டம். சுற்றறிக்கை எழுதணும், சந்தா வசூலிக்கணும், மனு தயாரிக்கணும். அமைச்சகத்தில் போய் உட்காரணும். "பார்க்கலாம்" என்பார்கள். அடுத்த வருஷமும் "பார்க்கலாம்" என்பார்கள். நம்மில் சங்கப் பொறுப்பு பார்த்த யாருக்கும் இது தெரியும். இந்த ஒன்றுகூடலுக்கு ஹால் பிடிப்பதற்குள்ளேயே நம் செயலாளர் அண்ணனுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது! (சிரிப்பு)

1963-ல் மலேசியாவின் பல பெண் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து தேசிய மன்றம் அமைத்தபோது, அதிலும் அவர் முன்வரிசையில் இருந்தார். மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், இந்தியப் பெண்கள் எல்லோரும் ஒரே மேசையில். கடைசியாக, 1969-ல் மலேசிய அரசுப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது. கல்யாணமானால் தற்காலிகம் என்ற வழக்கமும் அந்தக் காலகட்டத்தோடு முடிந்தது. அவர் ஒருவரால் மட்டும் வந்ததல்ல. பல சங்கங்கள், பல பெண்கள் சேர்ந்து இழுத்த தேர். ஆனால் வடத்தை முதலில் தொட்டவர்களில் அவர் ஒருவர்.

கணக்குப் போடுங்கள். துப்பாக்கியோடு நடத்திய போராட்டம் இரண்டு வருஷம், அது தோற்றது. மனுக்களோடு நடத்திய போராட்டம் ஒன்பது வருஷம், அது ஜெயித்தது. முதலாவதற்குப் படம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இடம் இருக்கிறது. இரண்டாவதற்கு? தோள்பையில் ஒரு ஃபைல்.

சிவில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு விட்டத்தின் மேல் சுமையை ஏற்றி, ஒரு நாள் தாங்குகிறதா என்று சோதிப்பது ஒன்று. அதே சுமையை வருஷக் கணக்கில் தாங்கிக்கொண்டு, தொய்யாமல் நிற்கிறதா என்பது வேறு. முதல் சோதனையில் தேறுகிற பல விட்டங்கள் இரண்டாவதில் மெதுவாகத் தொய்ந்துவிடும். மனிதர்களும் அப்படித்தான். ராசம்மா இரண்டிலும் தேறினவர். இரண்டாவதற்காகத்தான் நான் அவரை இந்த மேடைக்கு அழைத்து வந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து 1982-ல் ஓய்வு பெற்றார். பிறகும் போதைப்பொருள் தடுப்பு, பெண்கள் உரிமை என்று பொது வேலை. தொண்ணூறு வயதைத் தாண்டிய நெடிய வாழ்வு அது. அதில் பட்டாளம் இரண்டே வருஷம். மீதி எல்லாம் பள்ளிக்கூடமும் சங்கமும்தான்.

"இதெல்லாம் மலேசியாக் கதை, நமக்கு என்ன?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது எனக்குத் தெரிகிறது. நம் கதைக்கு வருகிறேன்.

ராசம்மா பட்டாளத்தில் சேர்ந்த அதே 1943-ல், இங்கே சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஒரு பெண் மின் பொறியியல் பட்டம் பெற்றார். பெயர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் குழந்தை. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று இன்று கொண்டாடுகிறோம். அவருக்குக் கொடுத்த சான்றிதழில், ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சில் இருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவரோடு படித்த பி.கே. திரேசியா சிவில் எடுத்தவர். 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

நம் அரசியல் சட்டம் 39-ஆவது பிரிவிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்கிறது. 1976-ல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா. அந்தப் பணியில் ஒரு விதி இருந்தது. பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசின் அனுமதி வாங்கவேண்டும், குடும்பப் பொறுப்பால் வேலை கெடும் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். அதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்த விதியைக் கடுமையாகக் கண்டித்தார். ஆக, மலேசியாவில் ராசம்மா கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது, முதலில் சொன்னேனே, காரணம் இருக்கிறது என்று, அதற்கு வருகிறேன்.

இந்த மலருக்காக எங்கள் வருஷத்து முகவரிப் பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். பெயர், ஊர், தொழில், தொலைபேசி என்று நான்கு கட்டம். ஆண்கள் எல்லோரும் தொழில் கட்டத்தை மளமளவென்று நிரப்பினார்கள். ஒருவன் மூன்று பதவி எழுதி அனுப்பினான், கட்டத்தில் இடம் போதவில்லை! பெண்களில் பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினார்கள். போன் செய்து கேட்டேன். "என்னத்தை எழுதறது, விட்டுடு" என்றார் ஒருவர். எங்கள் வகுப்பில் கட்டமைப்பு ஆய்வுப் பாடத்தில் அவரை யாரும் முந்தியதில்லை. எங்களுக்கெல்லாம் பரீட்சைக்கு முந்தின நாள் பாடம் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

இன்னொருவர் வேலையில் இருக்கிறார். ஆனால் குழந்தை பிறந்து திரும்பிப் போனபோது, "நிரந்தர இடம் இப்ப இல்லை, ஒப்பந்தத்தில் சேர்ந்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதே நாற்காலி, அதே வரைபடம், சம்பளம் மட்டும் குறைவு. நிறுவனத்தின் பெயரையும் அவர் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. அவர் கேட்டுக்கொண்டது அப்படி. போனை வைத்த பிறகு எனக்கு ஈப்போ ஞாபகம்தான் வந்தது. கல்யாணமானால் தற்காலிகம் என்ற விதியை 1960-களில் போராடி எடுத்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விதி எந்தத் தாளிலும் இல்லை. தாளில் இருந்தால் முத்தம்மா மாதிரி வழக்குப் போடலாம். இல்லாத விதியை எதிர்த்து எங்கே மனுப் போடுவது?

இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. மூத்தவர்கள் மன்னிக்கவேண்டும், சின்னவன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. நம் கல்லூரியிலேயே வளாக நேர்முகத்துக்கு ஆள் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் நம் அண்ணன்மார்கள்தான். "எப்பம்மா கல்யாணம்? கல்யாணத்துக்கு அப்புறம் வேலையில் இருப்பியா?" என்ற கேள்வியை இந்த வருஷத்திலிருந்து நீங்கள் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்டால் நிறுத்துங்கள். பையனிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்பதற்குப் பொறியியல் காரணம் எதுவும் கிடையாது.

இரண்டு. வேலையை விட்டு ஐந்து, பத்து வருஷம் ஆன நம் அக்காமார்கள் திரும்பி வர நினைத்தால், அவர்களுக்கு முதல் பயம், "எல்லாம் மறந்துபோச்சு, புது மென்பொருள் எதுவும் தெரியாது" என்பதுதான். சனிக்கிழமைகளில் நம் கணினிக் கூடம் சும்மாதான் கிடக்கிறது. முதல்வர் அவர்கள் அனுமதித்தால், சங்கம் முன்நின்று அவர்களுக்கு மறுபயிற்சி நடத்தலாம். சொல்லிக் கொடுக்க எங்கள் வருஷத்தில் நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நானும் வருகிறேன்.

மூன்று. முகவரிப் பட்டியலில் தொழில் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு நேரே, அவர்கள் சம்மதத்தோடு, "சிவில் பொறியாளர்", "மின் பொறியாளர்" என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கல்லூரி கொடுத்த பட்டத்தை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லையே? மலரின் கடைசிப் பக்கங்களில் பாருங்கள்.

தங்கைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று. வேலையில் சேரும்போது உங்களோடு சேர்ந்த பையனுக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தம்பிகளே, அவர்கள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களில் யாரையும் நான் பட்டாளத்துக்குக் கூப்பிடவில்லை. சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறேன். அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சிவில் துறைக் கருத்தரங்கக் கூடத்தில். முதல் பொருள், மறுபயிற்சி வகுப்பு. டீ உண்டு, வடை செயலாளர் அண்ணன் பொறுப்பு.